காலியான பிறகு நிரப்ப முடியாத பாட்டில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளிடம் அடிக்கடி கொடுக்கப்படும் புதிர் ஒன்று உண்டு: "உள்ளே இருப்பதைக் கடைசிவரை ஊற்றிக்கொள்ளலாம், ஆனால் தீர்ந்த பிறகு யாராலும் மறுபடி நிரப்ப முடியக் கூடாது. அப்படி ஒரு பாட்டில் செய்." அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். நூறு வருடத்துக்கும் மேலாகப் பலர் முட்டி மோதிய விஷயம் இது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணங்களில் பெரும்பாலானவை மதுபாட்டில்கள்தான். இந்தப் புதிர் பிறந்ததே அங்கேதான், அதனால் தவிர்க்க முடியவில்லை.

நிரப்பிப் பயன்படுத்தினால் நல்லதுதானே, அதை ஏன் தடுக்க வேண்டும்?

நம் வீட்டுக்கு நல்லது. தயாரிப்பவருக்குத் தலைவலி. விலை உயர்ந்த விஸ்கி ஒன்று தீர்ந்துபோனாலும் கண்ணாடி, லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் அப்படியே இருக்கும். போலி தயாரிப்பவன் லேபிள் அச்சடிக்க வேண்டாம், அச்சு வார்க்க வேண்டாம். எல்லாமே ஒரிஜினல், உள்ளே இருப்பது மட்டும் டூப்ளிகேட். சில பிராண்டுகளின் காலி பாட்டிலுக்கு, அதுவும் மூடியோடு பெட்டியோடு கொடுத்தால், பழைய பாட்டில் எடுப்பவர்கள் கூடுதலாகக் காசு கொடுப்பது சும்மா இல்லை.

இது ஏதோ நம் ஊர்ச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2013 மே மாதம் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 29 மதுக்கூடங்களிலும் உணவகங்களிலும் ஒரே நாளில் சோதனை போட்டார்கள். உயர்ந்த பிராண்டு பாட்டில்களில் மலிவுச் சரக்கை நிரப்பி விற்றதாகப் புகார். ஓரிடத்தில் காயத்துக்குத் தடவும் ஸ்பிரிட்டில் கேரமல் நிறம் சேர்த்து ஸ்காட்ச் என்று கொடுத்திருந்தார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

இந்த முயற்சி எப்போது தொடங்கியது?

அமெரிக்காவில் விஸ்கி முதலில் பீப்பாயில்தான் கடைக்கு வந்தது. கடைக்காரர் அதில் என்ன கலந்தார் என்பது அவருக்கே வெளிச்சம். 1870-இல் லூயிவில் நகரத்தில் ஜார்ஜ் கார்வின் பிரவுன் என்பவர், சீல் வைத்த கண்ணாடி பாட்டிலில் மட்டும்தான் தன் விஸ்கியை விற்பேன் என்று இறங்கினார். ஓல்ட் ஃபாரஸ்டர் என்ற அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. சீல் நம்பிக்கையைக் கொடுத்தது. ஆனால் நம்பிக்கை கண்ணாடியின் மேல் ஒட்டிக்கொண்டதும், அந்தக் கண்ணாடியே திருடத் தக்க பொருளாகிவிட்டது.

அப்புறம் 1897-இல் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அரசுக் கிடங்கில், அரசின் கண்காணிப்பில் வைத்திருந்து நிரப்பிய விஸ்கிக்கு, கார்க்கின் மேலே குறுக்காக ஓடும் பச்சை நிற வரிச்சீட்டு ஒட்டினார்கள். சீட்டைக் கிழிக்காமல் திறக்க முடியாது. அதே காலத்தில் "நிரப்ப முடியாத பாட்டில்" என்று காப்புரிமை விண்ணப்பங்கள் குவியத் தொடங்கின. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் பாட்டில்கள் வகுப்புக்குள் இதற்கென்று தனிப் பிரிவே வைத்திருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுவிலக்கு முடிந்த பிறகு, 1935 முதல் 1964 வரை, அங்கே விற்ற மதுபாட்டில்களின் கண்ணாடியிலேயே ஒரு வாசகத்தை வார்க்கச் சொன்னார்கள்: இந்த பாட்டிலை விற்பதையும் மறுபடி பயன்படுத்துவதையும் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. எந்திர நுட்பத்தால் முடியாததைச் சட்டத்தால் செய்யப் பார்த்தார்கள். பழம்பொருள் சேகரிப்பவர்கள் இன்று ஒரு பாட்டிலின் காலத்தைக் கணிக்க அந்த வாசகத்தைத்தான் தேடுகிறார்கள். வாசகத்தை எழுதியவர்கள் இந்தப் பயனை யோசித்திருக்க மாட்டார்கள்.

ஒருவழி வால்வு வைத்தால் முடிந்தது. இதில் என்ன கஷ்டம்?

எல்லாருடைய முதல் பதிலும் இதுதான். கஷ்டமும் இங்கேதான்.

பாட்டிலிலிருந்து திரவம் வெளியே வர வேண்டுமென்றால் அதே அளவு காற்று உள்ளே போயாக வேண்டும். கவிழ்க்கும்போது கேட்கும் "குளுக் குளுக்" சத்தம் அதுதான்: கொஞ்சம் திரவம் வெளியே, கொஞ்சம் காற்று உள்ளே, மாறி மாறி. உண்மையான ஒருவழி வால்வு, அதாவது எதையுமே உள்ளே விடாத வால்வு வைத்தால், முதல் சில மில்லியிலேயே உள்ளே அழுத்தம் குறைந்து ஊற்றுவது நின்றுவிடும். ஆக, பாட்டில் மூச்சு விட ஒரு வழி வைத்தே ஆக வேண்டும். காற்று நுழையும் வழியில், பொறுமை இருந்தால், திரவமும் நுழையும்.

அப்படியானால் வால்வு எதை வைத்துத்தான் காற்றையும் சரக்கையும் பிரித்தறியும்? ஊற்றுபவனையும் நிரப்புபவனையும் எதை வைத்துப் பிரிக்கும்? அதன் கையில் இருப்பது ஒரே ஒரு துப்பு: பாட்டில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஊற்றுபவன் கவிழ்ப்பான், நிரப்புபவன் நிமிர்த்தி வைப்பான். இந்தத் துறையில் வந்த எண்ணற்ற வடிவங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே வித்தியாசத்தை நம்பித்தான் நிற்கின்றன. புவியீர்ப்புதான் காவல்காரன்.

சரி, விஸ்கி பாட்டிலின் வாய்க்குள் உருளும் கோலி என்ன செய்கிறது?

விஸ்கி பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்தால் வாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டு இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். பாட்டிலை ஆட்டினால் "டக டக" என்று ஏதோ உருளும். தீர்ந்துபோன பாட்டில் ஒன்றிலிருந்து அந்தத் துண்டைப் பிடுங்கி நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன்.

அடியில் ஒரு வளையம். அது பாட்டில் கழுத்தின் உட்புறத்தைக் கவ்விக்கொள்ளும். அதன் நடுவில் சின்னத் துளை, துளையின் விளிம்பு சரிவாக, புனல் மாதிரி. அந்தச் சரிவில் உட்காருவது மெல்லிய பிளாஸ்டிக் தட்டு. தட்டின் மேலே கண்ணாடிக் கோலி. கோலிக்கு மேலே மூன்று நான்கு கால்கள் உள்ள கூண்டு, கோலி வெளியே விழாமல் இருக்க. எல்லாவற்றுக்கும் மேலே வட்டமாக ஒரு மறைப்புத் தட்டு. ஊசியோ கம்பியோ நேராக உள்ளே போகாமல் அது தடுக்கும். திரவம் அதைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

நிமிர்த்தி வைத்தால் கோலியின் எடை தட்டை அழுத்தித் துளையை மூடும். மேலிருந்து ஊற்றினால் ஊற்றும் திரவத்தின் எடையும் சேர்ந்து இன்னும் இறுக்கும். கவிழ்த்தால் கோலி கூண்டின் மறுமுனைக்கு ஓடிவிடும், தட்டு விலகும், சரக்கு வரும், காற்று போகும். பாட்டிலின் மொத்த விலையில் இந்தத் துண்டின் பங்கு அற்பம். ஆனாலும் அறுத்துப் பார்க்கும்போது, யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று மரியாதை வருகிறது.

கோலி ஏன் கண்ணாடி? எடைக்காக. விஸ்கியின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றுக் குறைவு. கண்ணாடி அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது, மிதக்காது, சரக்கின் சுவையையும் கெடுக்காது. எடையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பாட்டிலைக் கவிழ்த்த நிலையில் ஒருவன் கீழிருந்து திரவத்தைத் தள்ளினால், லேசான அடைப்பு அந்த வேகத்திலேயே மேலே போய்த் துளையை மூடிவிடும். கனமான கோலி அசையாமல் கிடக்கும், வழி திறந்தே இருக்கும். மாறாக லேசான அடைப்பு மட்டும் வைத்தால், நிமிர்ந்த நிலையில் துளையை அழுத்தி மூட எடை போதாது. லேசான தட்டு, அதன் மேல் கனமான கோலி என்று இரண்டாகப் பிரித்திருப்பதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

இதை எப்படி ஏமாற்றுகிறார்கள்?

பாட்டிலைப் படுக்கப் போடுவது முதல் தந்திரம். கிடைமட்டத்தில் கோலிக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாது. இதற்கு மாற்றாகக் கூண்டின் தரையையே சரிவாக வைத்தார்கள். கிடைமட்டத்தையும் தாண்டி நன்றாகக் கவிழ்த்தால்தான் கோலி விலகும். அதன் விலையை ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்கியவர் கொடுக்கிறார்: கடைசிச் சொட்டுக்காக பாட்டிலைத் தலைகீழாக உலுக்கிக்கொண்டு நிற்பார்.

உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத் திரவத்தை இழுக்கவிடுவது இரண்டாவது. மேலே சொன்ன லேசான தட்டு அதற்குத்தான்.

மூன்றாவதற்கு அறிவே தேவையில்லை. துண்டை மொத்தமாகப் பிடுங்கிவிட்டு, நிரப்பி, புதிதாக ஒன்றை அடித்து உட்கார வைப்பது. கோலி, சரிவு, தட்டு என்று எவ்வளவு புத்திசாலித்தனம் செலவழித்தாலும், பாட்டில் கழுத்தில் அது எவ்வளவு பலமாகக் கவ்வியிருக்கிறதோ அவ்வளவுதான் அதன் பாதுகாப்பு. எனக்குத் தெரிந்து, புது வடிவம் வரைபவர்கள் மிகக் குறைவாக யோசிக்கும் இடமும் இதுதான். கோலியை வரையும்போது இருக்கும் உற்சாகம் கவ்வு வளையத்தை வரையும்போது இருப்பதில்லை.

அந்தத் துண்டு இருப்பதால் மணிபிளான்ட் வைக்க முடியவில்லை. எப்படி எடுப்பது?

கழுத்தைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்திருந்தால் பிளாஸ்டிக் இளகும். குறடால் விளிம்பைப் பிடித்து ஆட்டி ஆட்டி இழுங்கள். கைக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள், கழுத்தில் கண்ணாடி உடைய வாய்ப்பு உண்டு. இது நமக்கு முடிகிறது என்றால் மற்றவர்களுக்கும் முடியும்தான். ஆனால் பெரும்பாலும் துண்டு சிதைந்துதான் வெளியே வரும், திரும்ப வைக்க முடியாது. தயாரிப்பாளருக்கு வேண்டியதும் அவ்வளவே.

மூடியை உடைத்தால் தெரிகிற மாதிரி செய்தால் போதாதா? இந்தக் கோலி எல்லாம் எதற்கு?

அலுமினிய மூடியைத் திருகும்போது "டிக்" என்று கேட்டுக் கீழ் வளையம் தனியாகப் பிரிகிறதே, அந்த ஏற்பாட்டைச் சொல்கிறீர்கள். அது வேறு வேலை செய்கிறது. "இதை உங்களுக்கு முன்னால் யாரும் திறக்கவில்லை" என்று கடையில் வாங்குபவருக்குச் சொல்கிறது. மதுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் மூடியைப் பார்ப்பதே இல்லை. அவர் முன்னால் வருவது ஏற்கெனவே திறந்த பாட்டில், அல்லது வெறும் கிளாஸ். சீல் உடைந்துதான் இருக்க வேண்டும், அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. கோலிக்கு வேலை வருவது சீல் உடைந்த பிறகு. இரண்டும் வேண்டும். இன்று பல நிறுவனங்கள் இரண்டையும் ஒரே மூடியாகச் சேர்த்துத்தான் செய்கின்றன.

ஹாலோகிராம், கியூஆர் கோடு எல்லாமும் சீலின் வகைதான். காலி பாட்டிலில் ஒட்டியிருக்கும் கோடும் ஒரிஜினல் கோடுதானே.

கோலி சோடா பாட்டிலிலும் கோலி இருக்கிறது. அதுவும் இதே தத்துவமா?

நேர் எதிர். 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. அங்கே கோலியை மேலே தள்ளி வாயை அடைப்பது உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம், புவியீர்ப்பு இல்லை. தலைகீழாகப் பிடித்து, அழுத்தத்தோடு நிரப்பி, நிமிர்த்தினால் கோலி தானாக அடைத்துக்கொள்ளும். மூடியே வேண்டாம். மறுபடி மறுபடி நிரப்புவதற்கென்றே பிறந்த பாட்டில். கழுத்தில் இருக்கும் இரண்டு குழிகள் ஊற்றும்போது கோலியைப் பிடித்து நிறுத்த.

பாட்டிலில் இவ்வளவு திணறுகிறார்கள், ஊசியில் மட்டும் எப்படி ஜெயித்தார்கள்?

நல்ல கேள்வி. தடுப்பூசிக்குப் பயன்படுத்தும் தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சைக் கேட்கிறீர்கள். ஒரு முறை மருந்தை உறிஞ்சி, முழுக்க அழுத்திச் செலுத்திவிட்டால் தண்டு மறுபடி பின்னால் வராது. வலிந்து இழுத்தால் உடைந்துவிடும். சில வகைகளில் குழாய்க்குள் இருக்கும் சின்ன உலோகக் கவ்வியே அந்தப் பூட்டு. தடுப்பூசிகளுக்கு 2003 முடிவுக்குள் இப்படிப்பட்ட சிரிஞ்சுகள் மட்டும்தான் என்று உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் 1999-இல் கூட்டாக அறிவித்தன. ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டு நோய் பரவியதுதான் காரணம்.

அங்கே வேலை ஒரே முறை. ஒரே அழுத்தில் தீர்ந்துவிடும், அந்த அழுத்தையே பூட்டாக மாற்றிவிடலாம். கழுத்தை உடைத்துத் திறக்கும் மருந்து ஆம்பூலும் அப்படித்தான்: திறப்பதே அழிப்பது. 750 மில்லி பாட்டிலோ பத்துப் பதினைந்து தடவை நல்லபடியாகத் திறந்து ஊற்ற வேண்டும், அத்தனை தடவையும் வாங்கியவரை எரிச்சல்படுத்தக் கூடாது, அதே சமயம் எந்த நேரத்திலும் எதையும் உள்ளே விடக் கூடாது. எத்தனையாவது ஊற்று கடைசி என்று பாட்டிலுக்குத் தெரியாது.

மது தவிர வேறு எதற்காவது இது கட்டாயமா?

ஆலிவ் எண்ணெய்க்கு. ஸ்பெயினில் உணவக மேஜையில் எண்ணெய்க் குப்பி வைப்பது வழக்கம். உள்ளே என்ன எண்ணெய், எப்போது ஊற்றியது என்று யாருக்கும் தெரியாது. 2013-இல் ஐரோப்பிய ஆணையம் அந்தக் குப்பிகளை ஐரோப்பா முழுவதும் தடை செய்யப் போவதாகச் சொன்னது. "இதற்கெல்லாமா சட்டம்" என்று பத்திரிகைகள் கிண்டல் செய்ய, சில நாட்களிலேயே வாபஸ் வாங்கிக்கொண்டது. ஸ்பெயின் விடவில்லை. அதே வருடம் தன் நாட்டுக்கு மட்டும் ஆணை போட்டது: லேபிள் ஒட்டிய, தீர்ந்த பிறகு நிரப்ப முடியாத பாட்டில்தான் மேஜைக்கு வர வேண்டும். போர்ச்சுகல் 2005-லேயே செய்திருந்தது. இத்தாலியும் சட்டம் கொண்டுவந்தது.

எண்ணெயில் வடிவமைப்பு இன்னும் கஷ்டம். எண்ணெய் வழவழப்பு, கோலி ஒட்டிக்கொள்ளும், குளிரில் கெட்டியாகும். நம் நாட்டில் கோலியெல்லாம் கேட்கவில்லை. ஒரு முறை பயன்படுத்திய டின்னிலோ பிளாஸ்டிக் கேனிலோ சமையல் எண்ணெயை மறுபடி அடைத்து விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. 15 கிலோ டின் எத்தனை கை மாறுகிறது என்பதை எந்த மளிகைக் கடைப் பின்புறத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

ஒயின் பாட்டிலில் ஏன் கோலி இல்லை?

கார்க்கை எடுத்தால் அன்றைக்கே தீர்த்துவிடுவார்கள், அதனால். ஆனால் காலி பாட்டில் பிரச்சினை அங்கேயும் உண்டு. ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் மார்க்கேஸ் தெ ரிஸ்கால் என்ற ஒயின் கூடம், பாட்டில் முழுவதையும் கம்பி வலையால் கட்டி முத்திரை வைத்து அனுப்பியது. வலையை அறுக்காமல் கார்க்கைத் தொட முடியாது. இன்று அந்த வலை வெறும் அழகுக்கு. காலி பாட்டிலை வைத்துப் பெரிய அளவில் விளையாடியவர் ரூடி குர்னியவான். கலிஃபோர்னியாவில் இருந்த தன் வீட்டிலேயே கலந்து, பழைய பிரெஞ்சு ஒயின் என்று ஏலத்தில் விற்றார். 2012-இல் கைதாகி, 2014-இல் பத்து வருடத் தண்டனை பெற்றார்.

தண்ணீர் பாட்டிலுக்கு இப்படி ஏன் செய்யவில்லை?

இருபது ரூபாய் பாட்டிலுக்குக் கோலி கட்டுப்படியாகாது. அதனால் "பயன்படுத்திய பின் நசுக்கிவிடவும்" என்று அச்சடித்துப் பொறுப்பை நம்மிடம் தள்ளிவிட்டார்கள். சில ரயில் நிலையங்களில் நசுக்கும் எந்திரம் வைத்தார்கள். மெல்லிய பிளாஸ்டிக்கில் பாட்டிலையே அழிப்பது எந்த வால்வையும்விட உறுதியான வழி, யாராவது நசுக்கினால்.

சுற்றுச்சூழலுக்கு இது துரோகம் இல்லையா?

பாதிக்குப் பாதி ஆமாம். போலிக்காரனுக்குத் தொல்லை கொடுக்கும் அதே துண்டு, நேர்மையாகக் கழுவி நிரப்ப நினைக்கும் ஆலைக்கும் தொல்லை. கண்ணாடியை உருக்கும்போதும் கழுத்தில் பிளாஸ்டிக் இல்லாமல் இருந்தால் சுலபம். 2022-இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தரும் முறை வந்தது, உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு. காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானையின் காலைக் கிழித்ததுதான் காரணம். போலியைக் குறைக்கவும் இதுவே ஒரு வழி என்பது என் எண்ணம்: காலி பாட்டில் போய்ச் சேரும் இடம் தெரிந்தால், கழுத்துக்குள் கோலி இல்லாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

குளிர்சாதன வாயு சிலிண்டரில் ஐரோப்பா எதிர்த் திசையிலேயே போனது. ஃபுளோரின் கலந்த வாயுக்களை நிரப்ப முடியாத சிலிண்டரில் விற்கக் கூடாது என்று 2007-இல் தடை. தூக்கி எறிந்த சிலிண்டரில் மிச்சமிருக்கும் வாயு காற்றில் கலந்துவிடுகிறதாம்.

என்னிடம் புது டிசைன் ஒன்று இருக்கிறது. காப்புரிமைக்குப் போகலாமா?

போகும் முன், பழைய காப்புரிமைகளை இணையத்தில் இலவசமாகப் புரட்டிப் பாருங்கள். 1890-களிலும் 1900-களிலும் வந்த படங்களில் உங்கள் டிசைனின் தாத்தா இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, ஆலையில் அது எப்போது உள்ளே போகும் என்று யோசியுங்கள். பாட்டிலை நிரப்பிய பிறகுதான் துண்டைப் பொருத்த முடியும், அதுவும் ஓடுகிற வரிசையில், ஒரே அழுத்தில். அங்கே திருகவோ ஒட்டவோ நேரம் இல்லை. கோலி சிக்கிக்கொண்டால் வாங்கியவர் பாட்டிலை மேஜையில் தட்டுவார், அதையும் தாங்க வேண்டும். ஒரு பெக் ஊற்ற ஐந்து நொடிக்கு மேல் ஆனால் மதுக்கூடக்காரர் அந்த பிராண்டையே வாங்க மாட்டார்.

கடைசியாக, மாதிரியை நீங்களே சோதிக்காதீர்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பையனோ பெண்ணோ இருந்தால், ஒரு வாளித் தண்ணீரும் காலி பாட்டிலும் கொடுத்து, நிரப்பிக் காட்டினால் ஐம்பது ரூபாய் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது, நேரம் இருக்கும்.